நெருப்பு எழுதிய தீர்ப்பு

திருவிழாத் திடலிலே வித்தை காட்டுவோனை நாம் பார்த்திருக்கிறோம். வாய் நிறைய மண்ணெண்ணெய் வைத்திருப்பான். கையிலே தீப்பந்தம். கூட்டம் மூச்சடக்கி நிற்கும். ‘பூ’ என்று ஊதுவான்; ஆள் உயரத்துக்குத் தீப்பிழம்பு ஒன்று சீறி எழும்; சிறுவர் அலறுவர்; பெரியோர் கைதட்டுவர்; தட்டிலே காசு விழும்.

அதே மண்ணெண்ணெய்தான் வீட்டு விளக்கிலே திரி ஏறி, ஒரு விரல் உயரத்துக்கு, அடக்கமாக எரிந்து ஒளி தருகிறது. அதன் வெளிச்சத்திலேதான் நம்மில் பலர் எழுத்தறிந்தோம். பொருள் ஒன்றே! விளக்கிலே ஏவல் கேட்டு எரிவது, வித்தைக்காரன் வாயைவிட்டு வெளியேறியதும் வெறிகொண்டு பாய்வானேன்?

விடை எளிது. விளக்கிலே எண்ணெய் எண்ணெயாக இருக்கிறது. வித்தைக்காரனோ ஊதுகின்ற வேகத்திலே அதனை ஆயிரமாயிரம் நுண்திவலைகளாக உடைத்துவிடுகிறான். ஒவ்வொரு திவலையும் காற்றால் சூழப்படுகிறது. எரிவதற்கு எண்ணெய் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். இரண்டும் இப்படி இரண்டறக் கலந்து நிற்கும்போது, ஒரு பொறி போதும். அத்தனையும் ஒரே கணத்தில் எரிந்து தீர்கிறது.

இதனை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறோம் என்று வாசகர் கேட்கக்கூடும். இன்றைய ஜெட் விமானத்தின் இறக்கைகளுக்குள்ளே நிரப்பப்படுவதும் இந்த மண்ணெண்ணெய்க் குடும்பத்தைச் சேர்ந்த எரிநெய்தான். பட்டும் பகட்டுமாகப் பறந்து செல்லும் விமானம், உண்மையிலே, தன் இறக்கைகளிலே பல்லாயிரம் லிட்டர் மண்ணெண்ணெயைச் சுமந்து செல்கிறது. அந்த எண்ணெய், விளக்கு எண்ணெயாக இருக்கும்வரை இடரில்லை. அது வித்தைக்காரன் வாய் எண்ணெயாக மாறும் கணம் ஒன்று உண்டு. அந்தக் கணத்தை வெல்ல மனிதன் எடுத்த முயற்சியின் வரலாற்றைத்தான் இங்கு காண இருக்கிறோம்.

*

விமான விபத்து என்றதும் நம் உள்ளத்திலே எழும் காட்சி ஒன்றுதான்: வீழ்ந்தது; மோதியது; மாண்டனர். இடையிலே ஒரு நேரம் இருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விபத்துகளில் பல, வானத்திலிருந்து தலைகுப்புற வீழ்வன அல்ல. ஓடுபாதையிலே சறுக்குவன, பாதை முடிந்த பின்னும் ஓடுவன, சக்கரமின்றி வயிறு தேய இறங்குவன — இவையே ஏராளம். இத்தகைய மோதல்களிலே பயணிகள் உயிரோடு இருக்கின்றனர். எலும்பு முறிந்திருக்கலாம், நெற்றியிலே குருதி வழியலாம். ஆனால், உயிர் இருக்கிறது. இருக்கைப் பட்டையை அவிழ்த்து எழுந்து, வாயிலை நோக்கி நடக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் தீ வருகிறது.

மோதலிலே தப்பியவரைத் தீ கொல்கிறது. தீயிலே தப்பியவரைப் புகை கொல்கிறது. ‘எழுதியபடிதான் நடக்கும், எல்லாம் தலைவிதி’ என்று சொல்லிப் பெருமூச்சு விடுவோர் உண்டு. மோதலைத் தாங்கிய உயிரைப் பிறகு பறித்தது விதியா, அல்லது சிதறிய எண்ணெயா? விதி என்றால் அழுவதைத் தவிர வேறு வழியில்லை. எண்ணெய் என்றால் ஆராயலாம் அன்றோ? ஆராய முனைந்தனர் சிலர்.

*

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தபின், அமெரிக்காவிலே போருக்கெனக் கட்டிய விமானங்கள் வேலையற்றுக் கிடந்தன. 1940களின் இறுதியிலே தொடங்கி, கிளீவ்லாந்து நகரத்து லூயிஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இர்விங் பிங்கலும் அவர் கூட்டாளிகளும் அந்தப் பழைய விமானங்களை எடுத்துக்கொண்டனர். ஓஹையோ மாநிலத்து ரவென்னா என்னுமிடத்திலே, ஆளில்லாத விமானத்தைத் தரையிலே முழு வேகத்தில் ஓடவிட்டுத் தடைகளிலே மோதச் செய்தனர். எரிநெய்த் தொட்டிகள் கிழிய ஏற்பாடு செய்தனர். சுற்றிலும் படக்கருவிகளை நிறுத்தி, தீ எங்கே பிறக்கிறது, எப்படிப் பரவுகிறது என்று கணம் கணமாகப் படமெடுத்தனர்.

படங்கள் சொன்ன செய்தி தெளிவானது. கிழிந்த தொட்டியிலிருந்து ஒழுகும் எண்ணெய் தரையிலே தேங்குவது ஒரு பக்கம். ஓடிக்கொண்டிருக்கும் விமானத்திலிருந்து தெறிக்கும் எண்ணெய் எதிர்க்காற்றிலே அடிபட்டு, மூடுபனி போன்ற படலமாகி விமானத்தையே சூழ்ந்துகொள்வது மற்றொரு பக்கம். அந்தப் படலத்துக்குப் பொறி தேடி அலைய வேண்டிய தேவையும் இல்லை. என்ஜினின் பழுக்கக் காய்ந்த உலோகம் இருக்கிறது. அறுந்த மின்கம்பி இருக்கிறது. கல்லிலே உராயும் இரும்பு இருக்கிறது. வித்தைக்காரனும் தீப்பந்தமும் ஒரே விமானத்திற்குள்ளே இருக்கின்றனர்!

எனவே, வழிகள் இரண்டு என்றாயின. ஒன்று, தீப்பந்தத்தை அணைப்பது: மோதியவுடனே என்ஜினின் சூடான பகுதிகளிலே நீரைப் பாய்ச்சிக் குளிர்விப்பது, மின்சாரத்தைத் துண்டிப்பது. இதனைப் பிங்கல் குழுவினர் செய்தும் காட்டினர். மற்றொன்று, எண்ணெயையே திருத்துவது.

எண்ணெயைத் திருத்துவதிலே முதற்படி, எந்த எண்ணெயை ஏற்றுவது என்ற தேர்வு. ஜெட் விமானம் பிறந்த காலத்திலே பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கலந்த தன்மையுள்ள ஒருவகை எரிநெய்யும் வழக்கிலே இருந்தது. கடுங்குளிரிலும் எளிதிலே பற்றும் என்பது அதன் பெருமை. எங்கும் எளிதிலே பற்றும் என்பது அதன் சிறுமை. மண்ணெண்ணெய் வகையோ, ஏறத்தாழ 38 பாகை செல்சியசு சூடு ஏறினால்தான் பற்றத்தக்க ஆவியை விடும். கப்பலுக்குள்ளே தீ என்றால் ஓட இடமில்லை என்பதை உணர்ந்த அமெரிக்கக் கடற்படை, தன் விமானந்தாங்கிக் கப்பல்களுக்கு 60 பாகைக்குக் குறையாத எரிநெய்தான் வேண்டும் என்று 1950களிலேயே வகுத்துக்கொண்டது.

1963 டிசம்பர் 8-ஆம் நாள், மேரிலாந்து மாநிலத்து எல்க்டன் அருகே, பறந்துகொண்டிருந்த போயிங் 707 ஒன்றை மின்னல் தாக்கியது. தொட்டியிலே இருவகை எரிநெய்யும் கலந்திருந்தன. ஆவி வெடித்தது, 81 பேரும் மாண்டனர். எந்த எண்ணெய் ஏற்றது என்ற விவாதம் வலுத்தது. காலப்போக்கிலே பயணி விமானங்களுக்கு மண்ணெண்ணெயே பொது வழக்காயிற்று.

ஆனால், மண்ணெண்ணெயை ஏற்றியதோடு சிக்கல் தீர்ந்ததா? இல்லை. நுண்திவலையாகிவிட்டால் மண்ணெண்ணெயும் சூடேறக் காத்திராது என்பதைத்தான் திருவிழா வித்தைக்காரன் நமக்குக் காட்டிவிட்டானே!

1960களிலே எரிநெய்யைக் கூழாக்கிப் பார்த்தனர். நீரோடு குழைத்துப் பால்போலாக்கிப் பார்த்தனர். கூழ் சிதறவில்லைதான், ஆனால் தொட்டியின் சுவரிலே ஒட்டிக்கொண்டது, குழாயிலே ஓட மறுத்தது. தீப்பிடிக்காத எண்ணெய், என்ஜினுக்கும் போய்ச் சேராத எண்ணெயாயிற்று. பறக்காத விமானம் விபத்துக்குள்ளாவதில்லை. அதற்காக விமானத்தைக் கட்டிப்போடவா முடியும்?

*

1977 மார்ச் 27. கானரித் தீவுகளிலே ஒன்றான டெனரீஃப். பனி மூடிய ஓடுபாதையிலே இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதிக்கொண்டன. ஒன்று டச்சு நாட்டினது. புறப்படுமுன் எரிநெய் நிரப்பிக்கொண்டு வந்தது. அதிலே இருந்த 248 பேரும் மாண்டனர். மற்றொன்று அமெரிக்க விமானம். அதிலே இருந்த 396 பேரில் 61 பேரே பிழைத்தனர். மொத்தம் 583 உயிர்கள். விமான வரலாற்றிலே அதைவிடப் பெரிய விபத்து இன்றுவரை இல்லை. மோதலோடு முடிந்திருந்தால் தப்பியிருக்கக்கூடியவர் எத்தனை பேர் என்ற கேள்வி, அந்தச் சாம்பலிலிருந்து எழுந்தது.

மறு ஆண்டு, அமெரிக்காவும் பிரிட்டனும் கைகோத்தன. பிரிட்டனிலே, ஃபார்ன்பரோ ஆய்வு நிலையமும் ஐ.சி.ஐ. என்னும் வேதியியல் தொழில் நிறுவனமும் ஒரு பொருளை உருவாக்கியிருந்தன. எஃப்.எம்.-9 என்பது அதன் பெயர். மிக நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளைக் கொண்ட பாலிமர் அது. ஆயிரம் பங்கு எரிநெய்க்கு மூன்று பங்கு சேர்த்தால் போதும்.

அது என்ன செய்யும்? பாகு காய்ச்சும் தாய்மார் இதனை எளிதில் உணர்வர். இளம்பாகைக் கரண்டியிலே எடுத்து உதறினால் சொட்டுச் சொட்டாய்ச் சிதறும். கம்பிப் பதம் வந்த பாகு சிதறாது, நூலாய் இழுபடும். எஃப்.எம்.-9 கலந்த எண்ணெய்க்கும் ஏறத்தாழ அந்தக் குணம் வந்துவிடுகிறது. அதிலும் ஒரு விந்தை: அமைதியாக ஓடும்போது அது வெறும் எண்ணெய்போலவே ஓடுகிறது, காற்று அதனை முரட்டுத்தனமாகப் பிய்க்க முயலும்போதுதான் சங்கிலிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு முரண்டு பிடிக்கின்றன. பனிப்படலம் எழுவதில்லை; பெருந்துளிகளாய்க் கீழே விழுகிறது. திவலையாகா மண்ணெண்ணெய்! வித்தைக்காரன் எவ்வளவு ஊதினாலும் பிழம்பு எழாது.

அறிவுக்கு விருந்து, ஆனால், அதற்குள்ளேயே ஒரு முரண். என்ஜின் என்ன செய்கிறது? எண்ணெயை நுண்திவலையாக்கித்தான் எரிக்கிறது! எந்தக் குணம் விபத்திலே எமனோ, அதே குணம் என்ஜினிலே உயிர். திவலையாக மறுக்கும் எண்ணெய் அங்கே எரிய மறுக்கும், வடிகட்டியை அடைக்கும். எனவே, என்ஜினுக்குள் நுழையுமுன் அந்தச் சங்கிலிகளை அடித்து நொறுக்கிப் பழைய எண்ணெயாக்க ஒரு கருவி தேவைப்பட்டது. தொட்டியிலே அடக்கமுள்ள எண்ணெய். என்ஜின் வாயிலிலே சங்கிலி அறுந்த எண்ணெய். இந்த ஏற்பாடு நடைமுறைக்கு ஒத்துவருமா? சிறு சோதனைகள் ‘ஆம்’ என்றன. பெருஞ்சோதனை ஒன்றே மிச்சம்.

*

அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆட்சித் துறையும் நாசாவும் சேர்ந்து அந்தப் பெருஞ்சோதனையை நடத்தின. கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம். அதையொட்டி, ரோஜர்ஸ் என்னும் வறண்ட ஏரி. நான்கு என்ஜின் பூட்டிய போயிங் 720 ஒன்று. அதன் தொட்டிகளிலே 76,000 பவுண்டு திவலையாகா மண்ணெண்ணெய். நான்கு என்ஜினுக்கும் சங்கிலி நொறுக்கும் கருவிகள். இருக்கைகளிலே பயணிகளாக மனித உருவப் பொம்மைகள். விமானத்திற்குள்ளே உயிருள்ளவர் எவருமில்லை. விமானி ஃபிட்சுஹ்யூ ஃபுல்டன் தரையிலே ஓர் அறையில் அமர்ந்து, தொலைவிலிருந்தே அதனை இயக்கினார். நான்கு ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பு. ஆட்கள் ஏறிச் சென்று நடத்திய 14 ஒத்திகைப் பறப்புகள். பிறகே அந்த நாள் குறிக்கப்பட்டது.

திட்டம் இது. சக்கரங்களை இறக்காமல், இரு இறக்கைகளும் சமமாக இருக்க, குறித்த கோட்டின்மீது நேராக விமானம் வயிற்றால் இறங்க வேண்டும். ஏரித் தரையிலே எட்டுக் கனத்த கூர்முளைகள் நடப்பட்டிருந்தன. ‘காண்டாமிருகங்கள்’ என்று அவற்றுக்குச் செல்லப் பெயர். சறுக்கி வரும் விமானத்தின் இறக்கைகளை அவை கிழிக்கும், எண்ணெய் கொட்டும், பொறி பறக்கும், ஆயினும் பெருந்தீ எழாது. எழாவிட்டால், இந்த எண்ணெயைக் கட்டாயமாக்கும் விதிக்கு வழி பிறக்கும். தலையிலே எழுதியதாகச் சொல்லப்படும் விதியை நம்பாமல், தாளிலே எழுதப்படும் விதியை நம்பியவர்களின் திட்டம் அது.

1984 டிசம்பர் முதல் நாள் காலை. விமானம் எழுந்தது, வட்டமிட்டது, ஏரியை நோக்கி இறங்கியது. இறுதி அணுகலிலே, குறித்த கோட்டுக்குச் சற்று வலப்புறம் விலகியிருந்தது. திருத்த முயன்றபோது இங்குமங்கும் ஆடத் தொடங்கியது. மேலெழும்பித் திரும்பி வரலாம் என்ற எல்லை கடந்துவிட்டது. இடது இறக்கை தாழ்ந்து, மூக்கு இடப்புறம் திரும்பி, குறைந்திருக்க வேண்டிய என்ஜின் விசை முழுமையாக இருக்க, விமானம் தரையைத் தொட்டது. கோணலாகவே முளைகளுக்கு இடையே பாய்ந்தது. ஒரு முளை மூன்றாவது என்ஜினின் நடுவிலே பாய்ந்து அறுத்தது. நொறுக்கப்பட்டு அடக்கம் இழந்த எண்ணெய் அங்கே, பழுக்கக் காய்ந்த உலோகம் அங்கே, முளையும் அங்கே! அதே முளை விமானத்தின் உடலையும் கிழித்து, தீ உள்ளே நுழைய வழி செய்தது.

எழாது என்று எதிர்பார்த்த பிழம்பு எழுந்தது. விமானத்தையே விழுங்கும் அளவுக்கு எழுந்தது. அதனை அணைத்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று.

*

எரிவதை எல்லோரும் பார்த்தனர். படமும் வெளியாயிற்று. பல கோடிக் கண்களுக்கு, கண்ட காட்சியே தீர்ப்பு: ‘தீப்பிடிக்காத எண்ணெய் என்றனர், தீப்பிடித்தது, தோல்வி!’

ஆய்வு நடத்தியவர்களிலே சிலர் வேறு சொன்னார்கள். ‘விமானம் நாங்கள் வகுத்தபடி இறங்கவில்லை. இத்தகைய மோதலிலே என்ஜின் அறுபட்டும் இறக்கையிலேயே தங்குவது வழக்கமன்று. எண்ணெய் தோற்கவில்லை; சோதனைதான் தடம் புரண்டது’ — இது அவர்கள் வாதம். இதிலே உண்மை இல்லாமலில்லை. முளை ஒரு கை அகலம் தள்ளிப் பாய்ந்திருந்தால், வரலாறே வேறாக இருந்திருக்கக்கூடும்.

எனினும், நாம் எந்தப் பக்கம் நிற்பது? சிந்தித்துப் பார்ப்போம்.

உண்மையான விபத்து எப்போதாவது நாம் கீறிய கோட்டின்மீது நடந்ததுண்டா? இறக்கைகளைச் சமமாக வைத்துக்கொண்டு, என்ஜின் விசையை அடக்கிக்கொண்டு, கூரிய கல் எந்த இடத்திலே குத்த வேண்டுமென்று இடம் குறித்துக்கொண்டு எந்த விமானம் வீழ்கிறது? ஒழுங்காக வரும் விபத்திலே மட்டும் காப்பாற்றும் பொருள், வெயில் காலத்தில் மட்டும் விரியும் குடை. சோதனை தடம் புரண்டதால் பயனற்றது என்று நாம் சொல்லமாட்டோம். தடம் புரண்டதால்தான் அது உண்மையான விபத்தைப்போல் இருந்தது என்போம். அன்று நெருப்பு எழுதிய தீர்ப்பு கடுமையானது, ஆனால், நேர்மையானது.

அந்தத் தீர்ப்பை ஆட்சித் துறை மதித்தது; எண்ணெயைக் கட்டாயமாக்கும் எண்ணத்தைக் கைவிட்டது. நான்காண்டு உழைப்பு, பெரும்பொருட்செலவு, இரு நாட்டு மதிப்பு — இத்தனையையும் காரணம் காட்டி, ‘வெற்றிதான், சிறு குறை’ என்று பூசி மெழுகியிருக்கலாம். அவ்வாறு செய்திருந்தால், உறுதிப்படாத பாதுகாப்பை நம்பிக் கோடிக்கணக்கானோர் பறந்திருப்பர். செய்யவில்லை. ‘முடியவில்லை’ என்று சொல்வதற்கும் துணிவு வேண்டும்.

*

எரிந்த கூட்டுக்குள்ளே அவர்கள் புகுந்து பார்த்தனர். அங்கேதான் இந்த வரலாற்றின் மெய்யான மணி கிடைத்தது.

விமானம் சறுக்கி நின்றபின், முன்பகுதியைப் புகை முற்றிலும் மறைக்க ஆன நேரம் 5 நொடி. பின்பகுதியை மறைக்க 20 நொடி. கதவைத் திறந்து, சறுக்குப் பாதையை விரித்து வெளியேற, முன்பகுதிக்கு 15 நொடியும் பின்பகுதிக்கு 33 நொடியும் தேவை என்று கணக்கிட்டனர். 113 பேர் கொள்ளும் அந்த விமானத்திலே, நூற்றுக்கு 23 முதல் 25 பேர் தப்பியிருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. அடர்புகைக்குள்ளே மனிதர் எவ்வளவு தூரம் செல்வர் என்பது பெரும்பாலும் ஊகமே என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

இந்தக் கணக்கை நாம் மேலோட்டமாகப் படித்துச் செல்லலாகாது. அத்தனை பெருந்தீயிலும் நால்வரில் ஒருவர் தப்பலாம் என்றால், வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே நிற்பது பத்தோ பதினைந்தோ நொடிதான் என்று பொருள். தீயை ஒழிக்க முடியாவிட்டால் என்ன? நொடிகளைக் கூட்டலாம் அன்றோ?

நொடிகளைக் கூட்டும் முயற்சி ஏற்கெனவே தொடங்கியிருந்தது. இருக்கைப் பஞ்சணை எரிந்தால் நச்சுப் புகை கிளம்பும்; அதைச் சுற்றித் தீத்தடுப்புத் துணியுறை இட்டால் தீ பரவச் சற்று நேரமாகும். புகை மேலே திரளும்; கூரை விளக்குகள் மறையும்; தரையை ஒட்டி விளக்குகளைப் பதித்தால் தவழ்ந்து செல்பவருக்கும் வழி தெரியும். இவ்விரண்டையும் கட்டாயமாக்கும் விதிகள் அமெரிக்காவிலே அந்த 1984-ஆம் ஆண்டிலேயே பிறந்தன. 1987 முடியுமுன் விமானங்களிலே இடம்பெற்றன. பெருஞ்சோதனை விமானத்திலும் இத்தகைய பொருள்கள் வைக்கப்பட்டிருந்தன; எரிந்த கூடு அவற்றைப் பற்றியும் சான்று தந்தது.

1985 ஆகஸ்டு 22-இல், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நிலையத்திலே நடந்ததை எண்ணிப் பார்ப்போம். புறப்பட ஓடிய போயிங் 737 ஒன்றின் என்ஜின் உடைந்து, எரிநெய்த் தொட்டியைக் கிழித்தது. விமானம் எழவேயில்லை; எதிலும் மோதவுமில்லை; பாதையிலேயே நிறுத்தப்பட்டது. ஆயினும், 55 பேர் மாண்டனர். பெரும்பாலோரைக் கொன்றது புகை. எண்ணெயைத் திருத்த முடிந்தாலும் முடியாவிட்டாலும், வாயிலுக்குச் செல்லும் வழியைத் திருத்துவது கடமை என்பதை அந்த 55 உயிர்களும் சொல்லிச் சென்றன.

எண்ணெயைத் தொடாமலே தீயை வென்ற கதையும் உண்டு. வியட்நாம் போர்க்காலத்திலே, அமெரிக்கத் தரைப்படையின் ஹெலிகாப்டர்கள் வீழ்ந்தால், மோதலிலே பிழைத்த வீரர்கள் தீயிலே கருகினர். 1970 முதல், எளிதிலே கிழியாத கனத்த ரப்பர்த் துணித் தொட்டிகளும், இழுபட்டால் தானே பிரிந்து தானே அடைத்துக்கொள்ளும் குழாய் இணைப்புகளும் அவற்றிலே பொருத்தப்பட்டன. பிழைக்கத்தக்க விபத்துகளிலே தீயால் நேரும் சாவு, அவை பொருத்தப்பட்ட ஹெலிகாப்டர்களிலே ஏறத்தாழ இல்லையென்றே ஆகிவிட்டது. மந்திரமில்லை, மாயமில்லை, நல்ல தொட்டி, நல்ல இணைப்பு!

*

எனில், திவலையாகா மண்ணெண்ணெயின் கதை 1984-இல் முடிந்துவிட்டதா? இல்லை.

எஃப்.எம்.-9 சங்கிலிக்கு ஒரு பலவீனம் இருந்தது. குழாயிலும் பம்பிலும் அடிபட்டால் அறுந்துபோகும், அறுந்தது ஒட்டாது. 2001 செப்டம்பர் 11-இல், எரிநெய் நிரம்பிய விமானங்கள் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களிலே மோதியபோது எழுந்த தீயை உலகம் பார்த்தது. பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்திலே ஜூலியா கோர்ன்ஃபீல்டு என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டனர். பல ஆண்டு உழைப்புக்குப் பின், 2015-இல் தங்கள் விடையை ‘சயன்ஸ்’ இதழிலே வெளியிட்டனர்.

அவர்கள் கருத்தின் அழகு அதன் எளிமையிலே இருக்கிறது. ஒரே நீண்ட சங்கிலி அறுந்தால் ஒட்டாது. ஆகவே நீண்ட சங்கிலியே வேண்டாம். பம்பு அறுக்க முடியாத அளவுள்ள சங்கிலிகளாகச் செய்து, அவற்றின் நுனிகளிலே மட்டும் ஒன்றையொன்று பற்றும் ‘கைகளை’ வைத்தனர். அமைதியிலே அவை கைகோத்து நெடுஞ்சங்கிலியாகின்றன. பம்பிலே அடிபட்டால் சங்கிலி அறுவதில்லை, கைதான் நழுவுகிறது. அப்பால் சென்றதும் மீண்டும் கோத்துக்கொள்கின்றன. முரட்டுப் பிடி முறிந்தது. நெகிழ்ந்து கொடுக்கும் கூட்டுறவு நிலைத்தது. மக்கள் வாழ்விலும் இது பொருந்தும் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆயினும், மூலக்கூறுகளை மேடைப் பேச்சாளராக்க வேண்டாம், அவை தம் வேலையைச் செய்யட்டும்.

ஆய்வுக்கூடத்திலே அந்த எண்ணெய் திவலைப் படலமாகவில்லை, என்ஜினையும் தடுக்கவில்லை. எனினும், இன்றுவரை பயணி விமானங்களின் அன்றாட எரிநெய்யிலே அது சேரவில்லை. ஆய்வுக்கூடத்துக்கும் ஓடுபாதைக்கும் இடையே உள்ள தூரம் நெடிது. உலகின் எல்லா விமான நிலையங்களிலும், எல்லா என்ஜின்களிலும், கொதிக்கும் கோடையிலும் உறையும் குளிரிலும் பிழையாது என்று உறுதிப்பட வேண்டும். 1984-இன் பாடத்தைக் கற்றவர்கள் அவசரப்படமாட்டார்கள், அவசரப்படவும் கூடாது. ஆனால், மறந்துவிடவும் கூடாது. அறையிலே கண்ட உண்மை அலமாரியிலே உறங்கினால், அதனால் உயிர் பிழைப்போர் யார்?

*

2024 ஜனவரி 2-ஆம் நாள், தோக்கியோவின் ஹனேடா நிலையத்திலே, தரையிறங்கிய ஜப்பானியப் பயணி விமானம் ஒன்று, ஓடுபாதையிலே நின்ற கடலோரக் காவற்படை விமானத்தின்மீது மோதியது. தீப்பற்றியது. காவற்படை விமானத்தில் இருந்த அறுவரில் ஐவர் மாண்டனர், அது பெருந்துயரம். பயணி விமானமோ முழுவதும் எரிந்து எலும்புக்கூடாயிற்று. ஆயினும், அதிலே இருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினர்.

எண்ணெய் எரியத்தான் செய்தது. எண்ணெயின் இயல்பு மாறிவிடவில்லை. மாறியிருந்தவை வேறு: எளிதிலே பற்றாத உட்புறப் பொருள்கள், பயிற்சி பெற்ற பணியாளர்கள், பெட்டிகளை எடுக்காமல் சொன்னபடி நடந்த பயணிகள். தீ உள்ளே வருமுன் மனிதர் வெளியே வந்துவிட்டனர். முந்தைய தலைமுறையினர் எரித்துப் பார்த்தும், அளந்து பார்த்தும், தோற்றுப் பார்த்தும் சேர்த்து வைத்த நொடிகளையே அந்த 379 பேரும் செலவழித்தனர் என்றால் மிகையாகாது.

ஆகவே, அடுத்தமுறை விமானத்திலே ஏறும்போது, அல்லது ஏறும் உறவினரை வழியனுப்பும்போது, நம் காலடியிலே பதித்திருக்கும் சிறு விளக்குகளை நினைவிலே வைப்போம். வாயில் எங்கே என்று பணிப்பெண் கைகாட்டும்போது செய்தித்தாளுக்குள் முகம் புதைக்காமல் நிமிர்ந்து பார்ப்போம். அந்தக் கை காட்டும் திசையிலேதான் 5 நொடியும் 20 நொடியும் இருக்கின்றன.

திருவிழாத் திடலிலே வித்தைக்காரன் ஊதும்போது நாம் ஓரடி பின்வாங்கி நிற்கிறோம். அந்த ஓரடியை விமானத்துக்குள்ளே நமக்குத் தேடித் தந்தவர்கள், 1984-இல் உலகமே பார்க்கத் தோற்றவர்களும் அவர்களைப் போன்றவர்களுமே. தோல்வியை மறைக்காதவர்களுக்கு உலகம் பட்டிருக்கும் கடன் பெரிது.